அறுபதைத் தாண்டியவர்களுக்கு எடைப் பயிற்சி: பிரஷர் நோட்டு முதல் மணல் பாட்டில் வரை

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அப்பா அம்மாவுக்கு எடைப் பயிற்சி ஆரம்பித்து வைக்க நான் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. டாக்டர் "நடந்தா போதும்" என்றார். ஜிம்மில் வயதைக்கூடக் கேட்காமல் மெஷினில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். பிசியோதெரபிஸ்ட் டாக்டர் சீட்டு கேட்டார். சீட்டு கேட்டுப் போனால் இசிஜி கேட்டார்கள், இசிஜி எடுத்தால் பழைய இசிஜி எங்கே என்றார்கள். எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசைதான் இது.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். வயதாக ஆக ரத்தக்குழாய் விறைத்துப் போகிறது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரிந்து கொடுக்க வேண்டிய குழாய் விரியாததால் பிரஷரின் மேல் எண் ஏறுகிறது. கீழ் எண் சரியாக இருந்து மேல் எண் மட்டும் 150, 160 என்று நிற்கும் பெரியவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். தசை வேலை செய்யும்போது ரத்த ஓட்டம் கூடுகிறது. அந்த ஓட்டம் குழாயின் உள்சுவரை உரசும்போது நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாய் தளர்கிறது. வாரத்தில் சில நாள் இது நடந்துகொண்டே இருந்தால் ஓய்விலிருக்கும்போதும் பிரஷர் கொஞ்சம் இறங்கும். கூடவே, சாப்பாட்டுச் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான், அது கரைந்தால் சுகரும் ஏறும், சுகர் ஏறினால் குழாய் இன்னும் கெடும். நடைப்பயிற்சி நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் கரையும் தசையைத் திரும்ப ஏற்ற நடை மட்டும் போதாது.

"நாங்க தூக்காத எடையா தம்பி?" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐஸ் பெட்டியும் வலையும் தூக்கிய உடம்புதான். ஆனால் கடலுக்குப் போவதை விட்டுப் பத்து வருடம் ஆன உடம்பு, பத்து வருடம் சும்மா இருந்த உடம்பாகவே நடந்துகொள்ளும். பழைய தெம்பை நம்பி முதல் நாளே தூக்குகிறவர்கள்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

1. காகிதங்களை ஒரே பையில் போடுங்கள்

ஆதார், ஸ்மார்ட் கார்டு, அரசு ஆஸ்பத்திரியில் பிரஷருக்கும் சுகருக்கும் போட்டுக் கொடுத்த நோட்டு, பழைய இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருந்தால் அதன் ரிப்போர்ட், கடைசியாக எடுத்த சுகர் மற்றும் கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட், ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் உறையில். இசிஜி தாள் வெயிலிலும் ஈரத்திலும் மங்கிவிடும், எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸ் போட்டு வையுங்கள் அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு கொண்டு போக வேண்டும். "வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு" என்பது எந்த டாக்டருக்கும் உதவாது. புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் மாத்திரையை ஆண்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவார்கள். அது பிரஷரை இறக்கக்கூடியது, கட்டாயம் காட்டுங்கள்.

காப்பீட்டு அட்டை பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். இல்லாதவர்கள் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அட்டை இருக்கிறதே என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், சாதாரண வெளிநோயாளிச் செலவையும் அது பார்த்துக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள். கவுன்டரில் கேட்டு உறுதி செய்த பிறகு டெஸ்டுக்கு உட்காருங்கள்.

2. ஒரு வாரம் பிரஷர் எழுதுங்கள்

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் வேலை சுலபம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, பஸ் களைப்போடு எடுக்கிற ஒரு எண்ணை வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மேல் கையில் சுற்றும் பட்டை உள்ள மெஷின் வாங்குங்கள். 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். மணிக்கட்டில் கட்டும் சின்ன மெஷின் விலை குறைவு என்று கடையில் தள்ளிவிடுவார்கள், கை கொஞ்சம் மேலே கீழே போனாலும் அது எண்ணை மாற்றிக் காட்டும். பட்டையின் அளவையும் பாருங்கள். கை பருமனான அம்மாக்களுக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதுபோல் வரும். வாங்க வசதியில்லை என்றால் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு வீட்டுக்கு வரும் பணியாளரே பார்த்துச் சொல்வார்.

அளக்கும் முறை: சிறுநீர் கழித்துவிட்டு, காபி, டீ, வெற்றிலை புகையிலை எதுவும் போட்டு அரை மணி ஆன பிறகு, நாற்காலியில் முதுகு சாய்த்து, காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், இரவு படுக்கும் முன். 7 நாள் போதும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுக்கும்போது 135/85க்குள் இருந்தால் நல்லது.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள்: உட்கார்ந்து எடுத்த பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடம் கழித்து ஒரு அளவு. மேல் எண் 20க்கு மேல் இறங்கினாலோ தலை சுற்றினாலோ அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பயிற்சிக்குப் பிறகு பிரஷர் சிறிது நேரம் தாழ்ந்திருக்கும். ஏற்கெனவே நின்றால் இறங்குகிறவர் அப்போது விழக்கூடும்.

3. டாக்டரிடம் கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்

"எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று கேட்டால் "பண்ணுங்க, நடங்க" என்றுதான் பதில் வரும். அவருக்கும் வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். எனக்குப் பலன் கொடுத்த கேள்விகள் இவை. தாளில் எழுதி நீட்டிவிடுங்கள்:

"2 கிலோவுக்குள் எடை வைத்து வாரம் 2, 3 நாள் பயிற்சி செய்யலாமா? எந்தப் பிரஷருக்கு மேல் அன்று செய்யக்கூடாது? சாப்பிடும் மாத்திரைகளில் ஏதாவது இதற்கு இடைஞ்சலா? இசிஜி, எக்கோ தேவையா? அசைக்காமல் பிடித்து நிற்கிற பயிற்சி செய்யலாமா?"

கடைசிக் கேள்வி ஏன் என்று 6ஆம் பகுதியில் சொல்கிறேன்.

பொதுவாக ஓய்வில் பிரஷர் 180/110ஐத் தாண்டியிருந்தால் எடைப் பயிற்சி தொடங்கக்கூடாது. 160/100க்கு மேல் இருந்தால் முதலில் மாத்திரையைச் சரிசெய்துவிட்டு டாக்டர் சொன்ன பிறகு. நடந்தால் நெஞ்சு இறுகுகிறவர்கள், கடுமையான வால்வு சுருக்கம் உள்ளவர்கள், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்) வீங்கியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்கள், சமீபத்தில் ஹார்ட் அட்டாக், பக்கவாதம் அல்லது ஆபரேஷன் ஆனவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் தாமாக ஆரம்பிக்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் செய்யவே கூடாது என்பதில்லை. அவர்களுக்கு இதய டாக்டர் அளவு சொல்லி, முதல் சில வாரம் ஆள் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும்.

எல்லோரும் மறப்பது கண். பல வருடமாகச் சுகர் உள்ளவர்களுக்குக் கண்ணின் பின்புறம் புது ரத்தக்குழாய்கள் முளைத்து, லேசான அழுத்தத்திலேயே கசியலாம். வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுச் செய்யும் பரிசோதனை முடித்திருந்தால்தான் கனமான எடை பற்றி யோசிக்கவே வேண்டும். அன்று ஆள் துணையோடு போங்கள், சொட்டு விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும்.

எங்கே போவது? பிரஷர், சுகர் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும், செலவில்லை. எக்கோ, இதய டாக்டர் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். முதல் பஸ்ஸில் ஏறி ஓபி சீட்டு போடும் நேரத்துக்கு வாசலில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். எந்தக் கிழமை எந்த ஓபி என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தனியாரில் இசிஜி சில நூறு ரூபாய், எக்கோ ஆயிரத்துக்கு மேல் போகும். அவசரமில்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம்.

"ரத்தக்குழாய் வயது" பார்க்கிறோம் என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். குழாயின் விறைப்பை அளக்கும் கருவிகள் உண்மைதான், ஆராய்ச்சிக்கு அவை தேவை. நம் வீட்டுப் பெரியவர் நாளைக்கு எத்தனை பாட்டில் தூக்கலாம் என்பதை அவை சொல்லாது. ஆனால் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். காலுக்குப் போகும் குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

4. பொருள் வாங்குவது

ஜிம் தேவையில்லை. மாதக் கட்டணம் கட்டி, வெயிலில் ஆட்டோ பிடித்துப் போய், இளவட்டங்கள் நடுவில் நிற்பதற்கு எந்தப் பெரியவரும் ரொம்ப நாள் சம்மதிக்க மாட்டார்.

வேண்டியவை: கையில்லாத உறுதியான நாற்காலி ஒன்று, உடற்பயிற்சிக்கு இழுக்கும் ரப்பர் பேண்ட் ஒன்று, மூடியுள்ள ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. பாட்டிலில் தண்ணீர் நிறைத்தால் ஒரு கிலோ. காய்ந்த மணலை நிறைத்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. கால்வாசி, அரைவாசி என்று கூட்டிக்கொண்டே போகலாம் என்பதால் டம்பெல்லைவிட இது வசதி. மணலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஈர மணலைப் போடாதீர்கள், எடையும் தெரியாது, நாற்றமும் எடுக்கும்.

ரப்பர் பேண்ட் 300 முதல் 800 ரூபாய். இருப்பதில் லேசானதை வாங்குங்கள். கடற்கரை வீடுகளில் இதற்கு ஆயுசு குறைவு. வெயிலும் உப்புக் காற்றும் பட்டால் பொரிந்து, இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். இரும்பு டம்பெல் வாங்கியே தீருவேன் என்றால் பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள், வெறும் இரும்பு பாம்பன் பக்கத்து வீட்டில் சீக்கிரமே துரு உதிர்க்க ஆரம்பித்துவிடும்.

பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முழுக்கச் சாய்ந்திருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்.

5. எடைக்கு முன் மூச்சு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பெரியவர்களுக்கு எடைப் பயிற்சியில் ஆபத்து எடையால் வருவதைவிட அடக்கிய மூச்சால் வருவதுதான் அதிகம். மூச்சை இழுத்துப் பிடித்து முக்கித் தூக்கினால் அந்த நொடியில் பிரஷர் தாறுமாறாக ஏறும், விட்டதும் சட்டென்று இறங்கும். விறைத்த குழாய்க்கு இரண்டும் ஆகாது.

விதி ஒன்றே ஒன்று: பலம் கொடுக்கும்போது மூச்சை வெளியே விடு, திரும்பும்போது உள்ளே இழு. இதைப் புத்தக மொழியில் சொன்னபோது அப்பாவுக்குப் பிடிபடவில்லை. கரைவலை இழுப்பதை நினைத்துப் பாருங்கள் என்றதும் பிடித்துக்கொண்டார். "ஏலேலோ... ஐலசா" என்று குரல் கொடுத்து இழுக்கும்போது மூச்சு தானாக வெளியே போகிறது. குரல் கொடுத்துக்கொண்டே யாராலும் மூச்சை அடக்க முடியாது. அதனால் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். தூக்கும்போது "ஒண்ணு", இறக்கும்போது மூச்சு உள்ளே. எண்ணும் குரல் நின்றுவிட்டால் மூச்சை அடக்கிவிட்டார் என்று அடுத்த அறையிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுத்த அம்மாக்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். மூச்சடக்கி வேலை செய்தே பழகியவர்கள். கை வேலை கேட்டால் மூச்சு தானாக நின்றுவிடும். அவர்களுக்கு முதல் வாரம் வெறும் கையோடு, எடையே இல்லாமல், எண்ணிக்கை மட்டும் பழக்குங்கள்.

இறுக்கிப் பிடிப்பதும் பிரஷரை ஏற்றும். பாட்டிலை விழாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

6. என்னென்ன செய்வது

முதலில் 5 நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, கை கால் வீசி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு இந்த ஐந்து.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு. முடியாவிட்டால் தொடையில் கை ஊன்றிக்கொள்ளலாம். எழும்போது மூச்சு வெளியே. பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி உட்கார வேண்டும். ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பின்பக்கத்திலும்தான் இருக்கின்றன.

சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. ஒரு கை தூரத்தில் நின்று, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய், மூச்சு விட்டுத் தள்ளி வர வேண்டும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. மீன் விற்று, நின்றே காலம் கழித்து நரம்பு சுருண்ட கால்களுக்கு இது ரொம்ப உதவும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் பயிற்சி வேண்டாம். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டை மாட்டி, உட்கார்ந்தபடி இரண்டு முழங்கையும் பின்னால் போகும்படி இழுப்பது. கம்பி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் ஆட்டிப் பாருங்கள்.

பாட்டிலைப் பிடித்து முழங்கை மடக்கித் தூக்குவது. தலைக்கு மேல் தூக்குவதை முதல் இரண்டு மாதம் தொடவே வேண்டாம். தோள் சிக்கலும் அதில்தான், பிரஷர் ஏறுவதும் அதில் அதிகம்.

ஒவ்வொன்றும் 10 முறை, ஒரு சுற்று. இடையில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து மூச்சு சீராகட்டும். மொத்தம் அரை மணிக்குள் முடியும்.

இனி அசைக்காமல் பிடிக்கிற பயிற்சி. 2023இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் 270 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. எடை தூக்கும் பயிற்சியில் மேல் எண் சராசரியாக 4.5 புள்ளி இறங்கியது, நடை, ஓட்டம் போன்றவற்றிலும் ஏறக்குறைய அவ்வளவே. அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியில் 8 புள்ளிக்கு மேல் இறங்கியது. இது எல்லா வயதினரையும் சேர்த்த சராசரி, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இதே எண் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செய்முறை சுலபம். கையில் பிடித்து அழுத்தும் கருவி 200 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும், அல்லது சுருட்டிய துண்டு போதும். முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு 2 நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் விட்டு, இப்படி 4 முறை, வாரம் 3 நாள். சுவரில் முதுகு சாய்த்து உட்காருவதுபோல் நிற்பதும் இந்த வகைதான், ஆனால் முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது சித்திரவதை. டாக்டர் சரி என்றால் மட்டும் இதைச் சேருங்கள். பிடித்திருக்கும் 2 நிமிடமும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சு நிற்காமல் இருக்க அதுதான் வழி.

7. எவ்வளவு, எப்போது கூட்டுவது

உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்வது: வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான நடை போன்ற பயிற்சி, 2 நாளாவது தசைப் பயிற்சி, 3 நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. தசைப் பயிற்சிக்குத் திங்கள், வியாழன் என்று இரண்டு நாளில் ஆரம்பியுங்கள். இடையில் 48 மணி நேரம் தசைக்கு ஓய்வு வேண்டும். மற்ற நாட்களில் நடை.

முதல் இரண்டு வாரம் வெறும் கையும் அரைப் பாட்டில் தண்ணீரும். பத்துக்கு ஐந்து, ஆறு அளவு சிரமம் தெரிந்தால் போதும். முடிக்கும்போது "இன்னும் மூணு நாலு செய்யலாம்" என்று தோன்ற வேண்டும். அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் வாட்சைப் பார்த்துச் சிரமத்தைக் கணிக்க முடியாது. பேச முடிகிறதா என்று பாருங்கள்.

15 முறை லேசாக வருகிறது, அடுத்த நாளும் அப்படியே என்றால் கொஞ்சம் கூட்டலாம். தண்ணீருக்குப் பதில் மணல், அல்லது இரண்டாவது சுற்று. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், திரும்பும்போது பாதியில் இருந்து.

8. நேரம்

காலை வெயில் ஏறும் முன், அல்லது மாலை வெயில் தணிந்த பிறகு. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்கு அடியில் செய்யவே வேண்டாம். தண்ணீர் மாத்திரை என்று சொல்லும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் புழுக்கத்தில் உடம்பு சீக்கிரம் வறண்டு, எழும்போது கண் இருளும்.

சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது. கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்திவிட்டு குளுக்கோஸ் பொடி கரைத்துக் குடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீர். கருப்பட்டி வீட்டில் இருக்கும்தான், ஆனால் மென்று கரைய நேரமாகும், அவசரத்துக்குப் பொடியே மேல்.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் ரமலானில் கேட்பார்கள். நோன்பு திறந்து, தொழுது, கொஞ்சம் சாப்பிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் செய்யலாம். பகலில் வேண்டாம். மாத்திரை நேரம் மாறுவதால் நோன்பு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

9. வலி வந்தால்

முதல் வாரங்களில் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கும். இது வழக்கம், தானாகப் போய்விடும். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. மெடிக்கலில் போய் "உடம்பு வலிக்கு ஒண்ணு கொடுங்க" என்றால் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை கைக்கு வந்துவிடும். அந்த வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், கிட்னியையும் பாதிக்கும். பிரஷரை இறக்கச் செய்யும் பயிற்சியால் வந்த வலிக்கு பிரஷரை ஏற்றும் மாத்திரையா? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், ஒரு நாள் கூடுதலாக ஓய்வு எடுங்கள். மூட்டுக்குள் குத்துகிற வலி என்றால் அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

இரண்டு கணுக்காலும் லேசாக வீங்கினால் பயிற்சியின் மேல் பழி போடும் முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள். அம்லோடிபின் சாப்பிடும் பலருக்கு அப்படி வீங்கும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, மயக்கம், வாய் கோணல், ஒரு பக்கம் பலமின்மை, பேச்சுக் குளறல். இதில் எது வந்தாலும் 108. "வாயுவா இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம்.

10. சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம்

தசை ஏற புரதம் வேண்டும். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம், கொஞ்சம் கூடினாலும் நல்லது. 60 கிலோ ஆளுக்கு 60 கிராம். நூறு கிராம் மீனில் சுமார் 18 முதல் 20 கிராம், ஒரு முட்டையில் 6. சூடை, சாளை, நெத்திலி போதும், விலை கூடிய மீன் தேடி அலைய வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது கருவாட்டுக்குத் தாவுவது நம் பழக்கம். பிரஷர்காரர்களுக்கு அந்த உப்பு ஆகாது. அந்த இரண்டு மாதம் முட்டை, பயறு, கொண்டைக்கடலை. கிட்னி கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

11. மூன்று மாதத்தில் மறுபரிசோதனை

பலம் முதலில் தெரியும். சில வாரத்தில் தரையிலிருந்து எழுவது சுலபமாகும். பிரஷர் மாற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு எண்ணில் பெரிதாக மாற்றமே இருக்காது. அதற்காக விட்டுவிட வேண்டாம்.

ஆரம்பிக்கும் நாளில் ஒரு சோதனை செய்து எழுதி வையுங்கள்: 30 நொடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது. மூன்று மாதம் கழித்து அதையே திரும்பச் செய்யுங்கள். அதோடு 2ஆம் பகுதியில் சொன்னபடி 7 நாள் பிரஷர் எடுத்து, அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மேல் எண் 110க்குக் கீழே போய்த் தலை சுற்றினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. டாக்டர் அளவை மாற்றினால் அந்தத் தேதியையும் நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த இரண்டு வாரம் எடையைக் கூட்டாமல் அதே பாட்டிலோடு ஓட்டுங்கள்.